எல். ஆர். ஈஸ்வரி

எல். ஆர். ஈஸ்வரி (பிறப்பு: டிசம்பர் 7, 1939) தமிழ்த் திரைப்படப் பின்னணிப் பாடகி ஆவார். தமிழ் தவிர தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளிலும் பாடியுள்ளார். ஜாஸ் முதலிய மேற்கத்திய இசை வகைகளின் சாயலில் அமைந்த விடுதி நடனப் பாடல்கள், நகைச்சுவை இணைப்பாடல்கள், நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாடல்கள், அம்மன் பக்திப் பாடல்கள் ஆகியவற்றிற்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள இவ்வகைகள் அனைத்திலும் இவருடைய குரல் முதற் சொல்லிலேயே அடையாளம் காணத்தக்கதாக இருப்பது இவரது தனிச்சிறப்பு ஆகும்.

வாழ்க்கைக் குறிப்பு

ஈஸ்வரியின் இயற்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. சென்னையில் ஒரு ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை அந்தோணி தேவராஜ். தாய் ரெஜினா மேரி நிர்மலா. தந்தைவழிக் குடும்பம் பரமக்குடியையும், தாய்வழிக் குடும்பம் இளையான்குடியையும் சேர்ந்தவை. பரமக்குடி இன்று இராமநாதபுரம் மாவட்டத்திலும், இளையான்குடி சிவகங்கை மாவட்டத்திலும் உள்ளன. 1985ஆம் ஆண்டு வரை இவ்விரு ஊர்களும், விருதுநகர், சிவகாசி, ஆமத்தூர் முதலிய ஊர்களும் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலேயே அடங்கியிருந்தன.

ஈஸ்வரி சிறுமியாக இருந்தபோதே தந்தை காலமானார். தாய் நிர்மலா திரைப்படங்களில் குழுப்பாடகியாகப் பணியாற்றிக் குடும்பத்தைக் காத்து வந்தார். தாயுடன் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குச் சென்று வந்த ஈஸ்வரியும் குழுப்பாடகியானார். முறையான சாஸ்திரிய இசைப் பயிற்சியை விட, ஒலிப்பதிவுக் கூடங்களில் கேட்டுக் கற்றதே இவருக்கு அடிப்படையாக அமைந்தது. இவருடைய தங்கை எல். ஆர். அஞ்சலியும் பாடகி ஆவார்.

திரையிசைப் பயணம்

தொடக்கம்

1954இல் வெளிவந்த மனோகரா திரைப்படத்தில் தாயுடன் குழுப்பாடகியாகப் பாடினார். குழுப்பாடகர்களின் பெயர்கள் அக்காலத்தில் இசைத்தட்டுகளில் பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. இசையமைப்பாளர் கே. வி. மகாதேவன், நல்ல இடத்து சம்பந்தம் (1958) திரைப்படத்தில் இவருக்குத் தனிப்பாடல் வாய்ப்பு வழங்கினார். எம். எஸ். ராஜேஸ்வரி என்ற பின்னணிப் பாடகி அப்போதே புகழ் பெற்றிருந்ததால், குழப்பத்தைத் தவிர்க்க ராஜேஸ்வரி என்ற பெயர் எல். ஆர். ஈஸ்வரி எனச் சுருக்கப்பட்டது. இப்பெயரைச் சூட்டியவர் ஏ. பி. நாகராஜன் ஆவார்.

புகழ் பெற்ற காலம்

ஏ. பீம்சிங் இயக்கிய பாசமலர் (1961) திரைப்படத்தில், விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையில் இவர் பாடிய "வாராயென் தோழி" பாடல் இவரைத் தமிழகம் முழுவதும் அறிமுகப்படுத்தியது. மணப்பெண்ணைத் தோழியர் கேலி செய்து அழைத்துவரும் இப்பாடல், பின்னர் திருமண வீடுகளின் ஒலிபெருக்கிகளில் தவறாமல் ஒலிக்கும் பாடலாயிற்று. திரைக்காக எழுதப்பட்ட ஒரு பாடல் ஊர்ச் சடங்கின் ஒரு பகுதியாக மாறியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

கறுப்புப் பணம் (1964), வெண்ணிற ஆடை (1965) ஆகிய படங்களில் விஸ்வநாதன் – ராமமூர்த்தி இணை இவருடைய குரலை மேற்கத்தியச் சாயல் கொண்ட மெட்டுகளில் பயன்படுத்தியது. 1965இல் இவ்விணை பிரிந்த பின்னரும் எம். எஸ். விஸ்வநாதன் இவரைத் தொடர்ந்து பாட வைத்தார். மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த வல்லவன் ஒருவன் (1966) திரைப்படத்தில் வேதாவின் இசையில் பாடிய "பளிங்கினால் ஒரு மாளிகை" இவ்வகைப் பாடல்களில் மிகவும் அறியப்பட்டது. கே. வி. மகாதேவன் இசையில் பணமா பாசமா (1968) திரைப்படத்திற்காகப் பாடிய "எலந்தப் பயம்" பட்டிதொட்டியெங்கும் பரவியது.

டி. எம். சௌந்தரராஜன், ஏ. எல். ராகவன், எஸ். பி. பாலசுப்பிரமணியம் முதலியோருடன் இணைந்து பல பாடல்கள் பாடியுள்ளார். இவற்றுள் குடியிருந்த கோயில் (1968) படத்தின் "துள்ளுவதோ இளமை", தரிசனம் (1970) படத்தின் "இது மாலை நேரத்து மயக்கம்", வசந்த மாளிகை (1972) படத்தின் "குடிமகனே" ஆகியவை டி. எம். சௌந்தரராஜனுடன் பாடியவை.

பிற மொழிகள்

தெலுங்கில் தேவுடு சேசின மனுஷுலு (1973) படத்தின் "மசக மசக சீகடிலோ", மரோ சரித்ர (1978) படத்தில் எஸ். பி. பாலசுப்பிரமணியத்துடன் பாடிய "பலே பலே மகாடிவோய்" ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

பிற்காலம்

1970களின் பிற்பகுதியில் திரையிசையின் போக்கு மாறியது. கதைத் தலைவிக்கு ஒரு குரல், விடுதி நடனக்காரிக்கு வேறொரு குரல் என்ற பகுப்பு மெல்ல மறைந்தது. எஸ். ஜானகி போன்ற பாடகியர் இரு வகைப் பாடல்களையும் பாடத் தொடங்கினர். இதனால் திரைப்படங்களில் ஈஸ்வரிக்குக் கிடைத்த வாய்ப்புகள் குறைந்தன. இதே காலத்தில் பக்தி இசைத்தட்டுகளும், பின்னர் ஒலிநாடாக்களும் இவரைப் புதிய தலைமுறையினரிடம் கொண்டு சென்றன.

நீண்ட இடைவெளிக்குப் பின், ஒஸ்தி (2011) திரைப்படத்தில் தமனின் இசையில் "கலாசலா" பாடலைப் பாடினார். மூக்குத்தி அம்மன் (2020) திரைப்படத்தில் "ஆடிக் குத்து" பாடலைப் பாடியபோது இவருக்கு வயது 80. முதற்பாடல் இவரது விடுதி நடனப் பாடல்களையும், இரண்டாவது பாடல் இவரது அம்மன் பாடல்களையும் நினைவுபடுத்தும் வகையில் அமைந்திருந்தன.

குரலின் தன்மை

பேச்சும் பாட்டும்

கருநாடக இசை மரபில் வந்த பாடகியரின் குரல், சுரங்களுக்கு இடையே கமகங்களால் நகரும். ஈஸ்வரியின் பாடல்களில் குரல் பெரும்பாலும் பேச்சிலிருந்து பாட்டுக்கும், பாட்டிலிருந்து பேச்சுக்கும் நகர்கிறது. சொல்லின் முதல் அசையை அழுத்திப் பிடித்துக் கடைசி அசையை மூச்சுடன் விட்டுவிடுவது, ஒரு சுரத்தைக் கீழிருந்து வழுக்கி எட்டுவது, வரிகளுக்கு நடுவே சிரிப்பு, பெருமூச்சு, விக்கல், முனகல் ஆகியவற்றைச் சேர்ப்பது என்பன இவரிடம் அடிக்கடி காணப்படும் உத்திகள். இவை பாட்டுக்கு வெளியே ஒட்டப்பட்ட ஒலிகளாக இல்லாமல், தாளக் கணக்குக்குள்ளேயே விழுவது கவனிக்கத்தக்கது.

சிவந்த மண் (1969) திரைப்படத்தின் "பட்டத்து ராணி" பாடலில் சாட்டையடி ஒலி தாளத்தின் ஒரு பகுதியாக வருகிறது. ஒவ்வோர் அடிக்கும் பாடும் பெண்ணின் குரல் துணுக்குற வேண்டும்; ஆனால் அடுத்த சுரம் பிசகக் கூடாது. வலியும் ஆட்டமும் ஒரே மூச்சில் கேட்கும் இப்பாடல், இவரது குரலின் ஆளுமைக்குச் சிறந்த சான்றாகக் கருதப்படுகிறது.

தாழ்ந்த குரல்

உரத்த, துள்ளலான பாடல்களுக்கே ஈஸ்வரியின் குரல் ஏற்றது என்ற கருத்துக்கு மாறானது வெள்ளி விழா (1972) திரைப்படத்தின் "காதோடுதான்" பாடல். கே. பாலச்சந்தர் இயக்கிய இப்படத்திற்கு இசையமைத்தவர் வி. குமார். ஏறத்தாழக் கிசுகிசுப்பாகவே பாடப்பட்ட இப்பாடலில் குரல் எந்த இடத்திலும் உயர்த்தப்படவில்லை. அதே பாலச்சந்தரின் அவள் ஒரு தொடர்கதை (1974) திரைப்படத்தில், எம். எஸ். விஸ்வநாதன் இசையில் வரும் "அடி என்னடி உலகம்" பாடலிலோ, உலகத்தை எள்ளி நகையாடும் ஒரு பெண்ணின் அலட்சியம் குரலிலேயே தெரிகிறது.

வட்டார வழக்கு

பாத்திரத்தின் ஊரையும் பிழைப்பையும் உச்சரிப்பால் உணர்த்துவதில் இவர் தேர்ந்தவர். "எலந்தப் பயம்" பாடலில் ழகரம் யகரமாகத் திரியும் சென்னைப் பேச்சு வழக்கு அப்படியே ஒலிக்கிறது. அனுபவி ராஜா அனுபவி (1967) திரைப்படத்தில் டி. எம். சௌந்தரராஜனுடன் பாடிய "முத்துக்குளிக்க வாரீகளா" பாடல், முத்துக்குளித்தலுக்குப் பெயர் பெற்ற தூத்துக்குடிக் கரையின் பேச்சில் அமைந்தது. இதில் வரும் 'வாரீகளா' என்பது போன்ற வடிவங்கள் விருதுநகர், இராமநாதபுரம் வட்டாரங்களிலும் வழங்குபவை ஆகும்.

ஒலிவாங்கியின் பங்கு

1960களில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒரே நேரத்தில் இசைக்க, முழுப் பாடலும் ஒரே தடத்தில் பதிவு செய்யப்பட்டது. பின்னாளில் வழக்கத்துக்கு வந்த பல்தடப் பதிவைப் போல, குரலைத் தனியே பதிந்து பிழையைப் பின்னர் திருத்தும் வசதி அப்போது இல்லை. நடுவில் ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே ஒரு சிரிப்போ, விக்கலோ சரியான மாத்திரையில் விழ வேண்டியது கட்டாயமாக இருந்தது. ஒலிவாங்கிக்கு அருகில் வந்து மெல்லப் பாடுவதும், விலகி நின்று உரக்கப் பாடுவதும் பாடகரின் பொறுப்பே ஆகும். குழுப்பாடகியாகக் கழித்த ஆண்டுகளில், பலருடன் ஒலிவாங்கியைப் பகிர்ந்து நின்று பழகியது ஈஸ்வரிக்கு இதில் துணை செய்திருக்கும் எனலாம்.

ஜாஸ் இசையுடன் தொடர்பு

ஜாஸ், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் ஆப்பிரிக்க அமெரிக்கரிடையே தோன்றிய இசை வகை. தாளத்தில் எதிர்பாராத இடத்தில் அழுத்தம் தருதல், மேடையிலேயே இட்டுக்கட்டி இசைத்தல், இசைச் சொற்றொடரைத் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்க விடுதல் ஆகியவை இதன் இயல்புகள். 1925ஆம் ஆண்டளவில் மின் ஒலிப்பதிவு முறை வந்ததும், அரங்கம் முழுவதும் கேட்கும்படி உரக்கப் பாட வேண்டிய தேவை நீங்கியது. பில்லி ஹாலிடே (1915–1959) போன்ற ஜாஸ் பாடகியர், குறைந்த குரல் வீச்சு கொண்டே சொல்லின் தொனியாலும் கால அளவின் நெகிழ்வாலும் கேட்போரை ஈர்த்தனர். ஒலிவாங்கியை ஓர் இசைக்கருவியாகக் கையாளும் இம்முறை, உலகின் பல நாடுகளின் மெல்லிசைப் பாடகர்களிடம் பரவியது.

1930களிலிருந்தே மும்பை, கொல்கத்தா நகரங்களின் பெரிய விடுதிகளில் ஜாஸ் குழுக்கள் இசைத்து வந்தன. இக்குழுக்களில் இருந்த கோவா இசைக்கலைஞர்கள் பலர் பின்னர் இந்தித் திரையிசைக்கு வந்தனர். 1958இல் டேவ் புரூபெக்கின் குழு இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபோது சென்னைக்கும் வந்தது. சென்னைத் திரையிசையிலும் பியானோ, சாக்சபோன், அக்கார்டியன், கிதார், பாங்கோ, டிரம்சு முதலிய கருவிகள் 1950களிலும் 1960களிலும் பெருகின. விஸ்வநாதன் – ராமமூர்த்தி குழுவில் அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தி, டிரம்சு வாசித்த நோயல் கிராண்ட் முதலியோர் இம்மாற்றத்தில் பங்கு பெற்றவர்கள்.

தமிழில் மேற்கத்தியப் பாணியில் பாடியவர்களில் ஈஸ்வரி முதலாமவர் அல்லர். தூத்துக்குடியில் பிறந்த நடிகரும் பாடகருமான ஜே. பி. சந்திரபாபு, குரலை இரு நிலைகளுக்கிடையே விரைவாக மாற்றிப் பாடும் யோடலிங் முறையைத் தமிழில் பயன்படுத்தினார். ஜிக்கி, கே. ஜமுனா ராணி ஆகியோரும் இவ்வகைப் பாடல்களைப் பாடியுள்ளனர். ஆயினும் இப்பாணியைப் பெரும் எண்ணிக்கையிலான பாடல்களில் தொடர்ந்து கையாண்டு, தம் அடையாளமாகவே ஆக்கிக் கொண்ட பாடகி ஈஸ்வரி ஆவார்.

கண்டிப்பான பொருளில் ஈஸ்வரியை ஜாஸ் பாடகி என்று கூற இயலாது. ஜாஸ் இசையின் உயிரான இட்டுக்கட்டல், மூன்று அல்லது நான்கு நிமிடங்களுக்குள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட திரைப்பாடலில் மிகக் குறைவு. மெட்டை இசையமைப்பாளரும் சொல்லைக் கவிஞரும் முடிவு செய்துவிடுகின்றனர். பாடகிக்கு எஞ்சுவது சொல்லும் விதம் மட்டுமே. கறுப்புப் பணம் படத்தின் "அம்மம்மா கேளடி தோழி", "ஆடவரெல்லாம்" ஆகிய பாடல்களில், அடியின் தொடக்கத்தை இறுக்கிப் பிடிக்காமல் நெகிழ விடுவதும், ஒரே சொல் திரும்ப வரும்போது வேறு தொனியில் சொல்வதும் கேட்கலாம். ஜாஸ் பாடகியரின் கலையோடு ஈஸ்வரியின் கலை சந்திக்கும் இடம் இதுவே ஆகும்.

பாத்திர வகையும் மதிப்பீடும்

1960களின் தமிழ்த் திரைப்படங்களில் பின்னணிக் குரல்களுக்குள் ஒரு பகுப்பு இருந்தது. கற்பும் பொறுமையும் உடைய கதைத் தலைவிக்கு பி. சுசீலாவின் குரலும், விடுதியில் ஆடுபவள், ஏமாற்றுபவள், குறும்புக்காரத் தோழி, நகைச்சுவை நடிகை ஆகியோருக்கு ஈஸ்வரியின் குரலும் பெரும்பாலும் பயன்பட்டன. இந்தித் திரையுலகில் லதா மங்கேஷ்கர், ஆஷா போஸ்லே ஆகியோரிடையே நெடுங்காலம் நிலவிய பகுப்பும் இதைப் போன்றதே. பார்வையாளர், பாடல் தொடங்கியதுமே திரையில் தோன்றும் பெண் எத்தகையவள் என்பதைக் குரலைக் கொண்டே அறிந்து கொண்டனர்.

இப்பகுப்பால் ஈஸ்வரிக்கு இரு விளைவுகள் ஏற்பட்டன. முதலாவது, கதைத் தலைவியர் பாடும் மெல்லிய காதல் பாடல்களும் சோகப் பாடல்களும் இவருக்குக் குறைவாகவே கிடைத்தன. இவருடைய சில பாடல்கள் இரட்டைப் பொருள் கொண்டவை என்ற கண்டனத்துக்கும் உள்ளாயின. எழுதியவரும், இசையமைத்தவரும், படம் எடுத்தவரும் ஆண்களாக இருந்தபோதும், அப்பாடல்களின் பழி பாடிய குரலின் மேலேயே தங்கியது. இரண்டாவது, நல்ல பெண்ணுக்குரிய குரல் இது என்ற வரையறை இல்லாததால், இவர் சிரிக்கலாம், சினக்கலாம், கேலி செய்யலாம், கொச்சையாகப் பேசலாம். தலைவிக்கு மறுக்கப்பட்ட உணர்ச்சிகள் பலவும் தமிழ்த் திரையில் ஈஸ்வரியின் குரல் வழியாகவே ஒலித்தன.

அக்காலத்தில் இப்பாடல்கள் பரவுவதற்கு இலங்கை வானொலி பெருந்துணையாக இருந்தது. 1952ஆம் ஆண்டு முதல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியிருந்த நிலையில், கடல் கடந்து வந்த இலங்கை வானொலியின் ஒலிபரப்பு தென் மாவட்டங்களில் தெளிவாகக் கேட்டது. 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்ட பின்னரும் இலங்கை வானொலிக்கு இருந்த வரவேற்பு குறையவில்லை.

அம்மன் பாடல்கள்

ஈஸ்வரியின் இசை வாழ்வின் மற்றொரு பெரும் பகுதி அம்மன் பக்திப் பாடல்கள். "செல்லாத்தா", "கற்பூர நாயகியே" முதலிய பாடல்கள் மாரியம்மன் வழிபாட்டோடு பிரிக்க இயலாதவாறு கலந்துவிட்டன. கத்தோலிக்கராகப் பிறந்த ஒருவரின் குரல் அம்மன் கோயில்களின் குரலாக ஆனது குறிப்பிடத்தக்கது. கேட்போர் இதை ஒரு முரணாகக் கருதியதில்லை.

இப்பாடல்களில் பம்பை, உடுக்கை போன்ற கருவிகளின் தாளமும், குலவை ஒலியும் இடம்பெறுகின்றன. கெஞ்சுதல், உரிமையோடு அழைத்தல், அதட்டுதல் ஆகிய தொனிகள் அடுத்தடுத்து வருகின்றன. பக்திப் பாடலுக்குரியதாகக் கருதப்பட்ட அடங்கிய குரலை இவர் கைக்கொள்ளவில்லை. விடுதி நடனப் பாடல்களில் கேட்ட அதே நேரடியான, சற்றுக் கரகரப்பான, பேச்சோடு ஒட்டிய குரலே இங்கும் ஒலிக்கிறது. நாட்டார் தெய்வ வழிபாட்டில் சாமியாடுவோரும் குறி சொல்வோரும் தெய்வத்தோடு பேசும் முறைக்கு இக்குரல் நெருக்கமாக இருந்ததே இதன் வெற்றிக்குக் காரணம் எனலாம். திரையில் ஒழுக்கம் தவறியவளின் குரலாக அடையாளம் காணப்பட்ட ஒன்று, கோயில் திடலில் தாயின் முன் நிற்கும் அடியவளின் குரலாக ஏற்கப்பட்டது.

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில்

விருதுநகர் மாவட்டம் மாரியம்மன் வழிபாடு வேரூன்றிய பகுதி. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பொங்கல் விழாவில் பக்தர்கள் அக்கினிச் சட்டி ஏந்தி வருவர். சாத்தூர் அருகே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் உள்ள இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மக்கள் நடைப்பயணமாக வருகின்றனர். விருதுநகர் – சிவகாசி சாலையில் உள்ள ஆமத்தூர் போன்ற ஊர்களிலும், பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் வாழும் சிற்றூர்களிலும் பொங்கல், முளைப்பாரி, கொடை விழாக்களின் தொடக்கத்தை அறிவிப்பது பெரும்பாலும் ஒலிபெருக்கியில் எழும் ஈஸ்வரியின் பாடலே ஆகும்.

சிவகாசி அச்சகங்கள் அச்சிட்ட நாட்காட்டிகள் அம்மன் உருவத்தை வீட்டுச் சுவர்களுக்குக் கொண்டு சென்றன. இசைத்தட்டும் ஒலிநாடாவும் அம்மன் பாடலைத் தெருவுக்குக் கொண்டு வந்தன. பெருமளவில் படியெடுக்கப்பட்ட படமும் குரலும் சேர்ந்து, ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த அம்மன் வழிபாட்டுக்கு ஒரு பொதுத் தோற்றத்தையும் பொது ஒலியையும் அளித்தன. உள்ளூர் கும்மிப் பாட்டும் முளைப்பாரிப் பாட்டும் சில இடங்களில் இதனால் பின்தள்ளப்பட்டதும் உண்மை.

கூம்பு ஒலிபெருக்கி

'ரேடியோ செட்' அல்லது 'மைக் செட்' எனப் பேச்சு வழக்கில் அழைக்கப்படும் ஒலிபெருக்கி அமைப்பில், மரத்திலும் கம்பத்திலும் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கிகள் நெடுங்காலம் பயன்பட்டன. கூம்பின் நீளமும் வாயின் அகலமும் ஓர் எல்லைக்குட்பட்டவை என்பதால், தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளை அது வலுவாக வெளியிடுவதில்லை. ஆகவே தபேலா, டிரம்சு போன்றவற்றின் அடிநாதம் தொலைவில் கேட்காமல் போகும். மனிதக் காது மிகக் கூர்மையாக உணர்வது ஏறத்தாழ 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே ஆகும். இப்பகுதியில் ஆற்றல் மிகுந்த குரல், வாத்தியங்கள் மங்கிய பின்னரும் காற்றில் தனித்துக் கேட்கும். மெய்யெழுத்துகளை வெட்டிச் சொல்லும் ஈஸ்வரியின் உச்சரிப்பும், குரலின் கூர்மையும் கூம்பு ஒலிபெருக்கிக்கு மிகவும் பொருந்தின. ஒரு கண்மாய்க்கு அப்பால் உள்ள ஊரிலிருந்து வரும் பாடலில் இசை தெரியாவிட்டாலும், பாடுபவர் ஈஸ்வரி என்பது தெரிந்துவிடும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தின. கூம்பு ஒலிபெருக்கிகளின் இடத்தைப் பல இடங்களில் பெட்டி ஒலிபெருக்கிகள் பிடித்துள்ளன. கருவி மாறினாலும் பாடல் வரிசை பெரிதாக மாறவில்லை.

தாக்கம்

மெல்லிசைக் குழுக்களில் ஈஸ்வரியின் பாடல்களைப் பாடுவதற்கென்றே தனித் திறமை கொண்ட பாடகியர் உருவாயினர். குரல் வளம் மட்டும் போதாமல், நடிப்பும் தாள உணர்வும் ஒருங்கே தேவைப்படுவதால், இப்பாடல்கள் மேடைப் பாடகர்க்குச் சோதனையாகவே உள்ளன.

பின்வந்த திரைப்பாடல்களில் பேச்சு வழக்கை மறைக்காமல் பாடும் துணிவுக்கு ஈஸ்வரி வழிவகுத்தார். தூய உச்சரிப்பே நல்ல பாட்டு என்ற எண்ணத்துக்கு மாற்றாக, பாத்திரத்துக்கு ஏற்ற உச்சரிப்பே நல்ல பாட்டு என்ற அளவுகோலை இவரது பாடல்கள் நிலைநிறுத்தின. அம்மன் பாடல்களைப் பொறுத்தவரை, பின்னர் வந்த பாடகியரின் ஒலிநாடாக்களும் குறுந்தட்டுகளும் பெரும்பாலும் இவர் வகுத்த பாதையிலேயே அமைந்துள்ளன.

விருதுகள்

தமிழ்நாடு அரசின் கலைமாமணி விருது இவருக்கு வழங்கப்பட்டுள்ளது.

குறிப்பிடத்தக்க பாடல்கள்

- "வாராயென் தோழி" – பாசமலர் (1961) – விஸ்வநாதன் – ராமமூர்த்தி
- "ஆடவரெல்லாம்" – கறுப்புப் பணம் (1964) – விஸ்வநாதன் – ராமமூர்த்தி
- "அம்மம்மா கேளடி தோழி" – கறுப்புப் பணம் (1964) – விஸ்வநாதன் – ராமமூர்த்தி
- "நீ என்பதென்ன" – வெண்ணிற ஆடை (1965) – விஸ்வநாதன் – ராமமூர்த்தி
- "பளிங்கினால் ஒரு மாளிகை" – வல்லவன் ஒருவன் (1966) – வேதா
- "முத்துக்குளிக்க வாரீகளா" – அனுபவி ராஜா அனுபவி (1967) – எம். எஸ். விஸ்வநாதன்
- "எலந்தப் பயம்" – பணமா பாசமா (1968) – கே. வி. மகாதேவன்
- "துள்ளுவதோ இளமை" – குடியிருந்த கோயில் (1968) – எம். எஸ். விஸ்வநாதன்
- "பட்டத்து ராணி" – சிவந்த மண் (1969) – எம். எஸ். விஸ்வநாதன்
- "காதோடுதான்" – வெள்ளி விழா (1972) – வி. குமார்
- "குடிமகனே" – வசந்த மாளிகை (1972) – கே. வி. மகாதேவன்
- "அடி என்னடி உலகம்" – அவள் ஒரு தொடர்கதை (1974) – எம். எஸ். விஸ்வநாதன்
- "கலாசலா" – ஒஸ்தி (2011) – தமன்

இவற்றையும் பார்க்க

- பி. சுசீலா
- ஜே. பி. சந்திரபாபு
- மெல்லிசை மன்னர்கள்
- மாரியம்மன்
- இலங்கை வானொலி